மேகச் சேமிப்பகம் வழியாகக் கடவுச்சொல் பெட்டகத்தை ஒத்திசைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்பாஸ், உள்ளூர் வங்கி, மத்திய சேம நிதி, பிள்ளைகளின் பள்ளித் தளம், இந்தியாவில் இன்னும் மூடாமல் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, விமானப் பயணச்சீட்டுத் தளங்கள் என்று சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் கையாளும் இணையக் கணக்குகள் கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவற்றை எங்கே வைப்பது, கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே எப்படிக் கொண்டுசெல்வது என்பதில்தான் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தோடு கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

கடவுச்சொல் நிர்வாகி என்ன செய்கிறது? அதற்கு ஒத்திசைவு எதற்கு?

உங்கள் பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகமாகத் தொகுத்து, மறையாக்கம் செய்து (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்து, நீங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை இட்டால் மட்டும் திறந்து காட்டும் செயலிதான் கடவுச்சொல் நிர்வாகி. அந்தப் பெட்டகம் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தால், வேலைக்குச் செல்லும் வழியில் கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறக்க வேண்டியிருக்கும்போது அது உதவாது. ஒரு சாதனத்தில் செய்த மாற்றம் மற்றச் சாதனங்களிலும் தெரியவேண்டும். அதற்கான எளிய வழிகளுள் ஒன்று, பெட்டகக் கோப்பை நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மேகச் சேமிப்பகக் கணக்கில் வைப்பது.

எல்லாக் கடவுச்சொற்களையும் கூகல் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ வைப்பது ஆபத்து இல்லையா?

கடவுச்சொற்களை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவோ விரிதாளாகவோ வைத்தால் பெரும் ஆபத்து. பலரும் இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால், மறையாக்கம் செய்யப்பட்ட பெட்டகத்தை அங்கே வைப்பது முற்றிலும் வேறு செயல். சிராங்கூன் சாலையிலிருந்து ஊருக்குச் சரக்குப் பெட்டி அனுப்புகிறவர், பெட்டியை வீட்டிலேயே பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் கடையில் ஒப்படைப்பதைப் போன்றது அது. எடுத்துச் செல்பவர் நல்லவரா என்ற கேள்வி, பெட்டி போய்ச் சேருமா என்பதைத்தான் தீர்மானிக்கும். உள்ளே இருப்பதை யாராவது பார்ப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது பூட்டு.

நல்ல கடவுச்சொல் நிர்வாகியில் மறையாக்கம் முழுவதும் உங்கள் சாதனத்திலேயே நடக்கிறது. கோப்பு கைப்பேசியை விட்டுக் கிளம்பும்போதே 256 பிட் சாவியால் ஏஇஎஸ் அல்லது சாச்சா20 முறையில் பூட்டப்பட்டிருக்கும். மேகச் சேமிப்பக நிறுவனத்துக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கோப்பின் பெயர், அளவு, அது எப்போது எந்த ஐபி முகவரியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் எண்) மாற்றப்பட்டது என்ற விவரங்கள் மட்டுமே.

மேக நிறுவனத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு வரலாறும் சான்று தருகிறது. 2011 ஜூன் 19 அன்று, நிரலில் ஏற்பட்ட ஒரு பிழையால், ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு டிராப்பாக்ஸ் கணக்குகளை எந்தக் கடவுச்சொல்லை இட்டும் திறக்க முடிந்தது. 2012ஆம் ஆண்டில் அதே நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட ஏறத்தாழ 68 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் 2016ஆம் ஆண்டில் வெளியே வந்தன. எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இப்படிப்பட்ட நாள் வரலாம். அந்த நாளில் உங்கள் கோப்பு அந்நியர் கையில் கிடைத்தாலும் அது திறக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு பெட்டகத்தை அமைத்துக்கொள்வதே சரியான தொடக்கம்.

சேமிப்பக நிறுவனமே மறையாக்கம் செய்வதாகச் சொல்கிறதே, அது போதாதா?

போதாது. கோப்பு இணையத்தில் பயணிக்கும்போதும், அவர்களுடைய வட்டுகளில் இருக்கும்போதும் அவர்கள் மறையாக்கம் செய்வது உண்மைதான். வழக்கமான அமைப்பில் அந்தச் சாவி அவர்களிடமே இருக்கும். உங்கள் கணக்கினுள் நுழைந்த எவருக்கும் அவர்களுடைய கணினி கோப்பைத் திறந்தே கொடுத்துவிடும். கடவுச்சொல் நிர்வாகி தரும் மறையாக்கத்தில் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து சாவி எப்படி உண்டாகிறது?

நாம் நினைவில் வைத்துக்கொள்ளும் சொற்கள் 256 பிட் சாவியாக நேரடியாகப் பயன்படாது. இடையில் ஒரு கணக்கீடு, வேண்டுமென்றே மெதுவாக நடக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு ஒருமுறை திறக்க ஒரு விநாடி ஆவது பெரிய விஷயமல்ல. கோடிக்கணக்கான ஊகங்களை முயன்று பார்க்க வேண்டிய திருடனுக்கு அந்த ஒரு விநாடியே பெரும் சுமை.

பழைய முறையான பிபிகேடிஎஃப்2, ஒரே கணக்கைப் பல லட்சம் சுற்றுகள் திரும்பத் திரும்பச் செய்கிறது. 2023ஆம் ஆண்டு முதல், இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு இதற்குப் பரிந்துரைப்பது 600,000 சுற்றுகள். பிட்வார்டன் என்ற கடவுச்சொல் நிர்வாகியும் அதே ஆண்டில் அந்த எண்ணிக்கையைத் தன் இயல்பு அமைப்பாக ஆக்கியது. லக்சம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, கடவுச்சொல் கணக்கீட்டு முறைகளுக்கான உலகப் போட்டியில் 2015ஆம் ஆண்டு வென்ற ஆர்கான்2 முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்பதால், ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒரே சமயத்தில் முயலும் வரைகலை அட்டைகளின் பலம் குறைந்துவிடுகிறது. கீபாஸ் குடும்பக் கடவுச்சொல் நிர்வாகிகள் பயன்படுத்தும் கேடிபிஎக்ஸ் கோப்பு வடிவத்தின் நான்காம் பதிப்பில் ஆர்கான்2 உண்டு. பழைய கோப்பை வைத்திருப்பவர்கள் அமைப்புப் பக்கத்தில் வடிவத்தையும் கணக்கீட்டு முறையையும் ஒருமுறை சரிபார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மேசைக் கணினியின் வேகத்தை மனத்தில் வைத்து நினைவக அளவை மிகவும் உயர்த்திவிட்டால், ஐபோனில் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும் பகுதி திறக்காமலே மூடிக்கொள்ளக்கூடும். அந்தப் பகுதிக்கு இயங்குதளம் ஒதுக்கும் நினைவகம் குறைவு. 64 மெகாபைட் அளவில் வைத்து, உங்களிடமுள்ள மிகப் பழைய கைப்பேசியில் ஏறத்தாழ ஒரு விநாடியில் திறக்கும்படி சுற்றுகளை அமைப்பது நல்லது.

முதன்மைக் கடவுச்சொல்லாகத் திருக்குறள் ஒன்றை வைக்கலாமா? நீளமாகவும் இருக்கிறது, மறக்கவும் மறக்காது.

வேண்டாம். குறள் நீளமானதுதான், ஆனால், திருடனின் வேலை எழுத்துகளை ஊகிப்பதில் இல்லை, உங்கள் தேர்வை ஊகிப்பதில் இருக்கிறது. மொத்தம் இருப்பவை 1330 குறள்கள். ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் ஆயிரம் விதமாக எழுதிப் பார்த்தாலும் 1.33 மில்லியன் ஊகங்கள்தான் ஆகும். விநாடிக்கு ஒரு மில்லியன் ஊகங்கள் முயலும் கருவிக்கு அது இரண்டு விநாடி வேலை. திரைப்பாடல் வரிகள், தேவார அடிகள், பிள்ளைகளின் பெயரோடு பிறந்த ஆண்டு ஆகியவற்றின் நிலையும் இதுவே.

பாதுகாப்பானது எது என்றால், தொடர்பில்லாத சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துக் கோப்பது. 1995ஆம் ஆண்டில் ஆர்னல்டு ரெயின்ஹோல்டு முன்வைத்த டைஸ்வேர் முறையில், ஐந்து பகடைகளை உருட்டி 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டும். ஆறு சொற்களை அப்படி எடுத்தால் கிடைக்கும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 7776ஐ ஆறு முறை பெருக்கிவரும் எண். விநாடிக்கு ஒரு மில்லியன் ஊகங்கள் என்ற அதே வேகத்தில் அவை அனைத்தையும் முயல பில்லியன் கணக்கான ஆண்டுகள் ஆகும். சொற்களை நீங்களே மனத்தால் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது இங்கே மிக முக்கியம். மனம் பழகிய பாதையில்தான் போகும். பகடைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆங்கிலப் பட்டியலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களைக் கொண்டு உங்கள் குடும்பமே ஒரு பட்டியல் தயாரிக்கலாம். பட்டியல் பெரிதாகவும் தேர்வு பகடையுடையதாகவும் இருந்தால் போதும்.

தமிழ் எழுத்திலேயே முதன்மைக் கடவுச்சொல்லை இடலாமா?

ஆசை நியாயமானது, இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு பைட்டுகள். செயலி இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு கணக்கிட்டால் சிக்கல் இல்லை. அப்படிச் செய்யாத செயலியில், வீட்டுக் கணினியின் தமிழ்99 விசைப்பலகையில் அமைத்த கடவுச்சொல்லைக் கைப்பேசியின் வேறொரு விசைப்பலகையில் இட்டால், சரியாகத் தட்டியும் பெட்டகம் திறக்காமல் போகலாம். ‘ஔ’ என்ற உயிரெழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே இடர் உண்டு. பெட்டகத்தின் உள்ளே இருக்கும் தலைப்புகளையும் குறிப்புகளையும் தமிழில் தாராளமாக எழுதலாம். அங்கே பார்வைக்குச் சரியாக இருந்தால் போதும்.

2022ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு ஆகஸ்டில், கடவுச்சொல் நிர்வாகிச் சேவை வழங்கும் லாஸ்ட்பாஸின் மென்பொருள் உருவாக்கப் பிரிவுக்குள் ஊடுருவியவர்கள், அங்கே கிடைத்ததைக் கொண்டு ஓர் ஊழியரைக் குறிவைத்து, நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்துக்கான சாவிகளைப் பெற்றார்கள். வாடிக்கையாளர்களின் பெட்டகக் காப்புநகல்கள் அங்கிருந்து நகலெடுக்கப்பட்டதை டிசம்பர் 22 அன்று நிறுவனம் அறிவித்தது. பயனர்பெயர்களும் கடவுச்சொற்களும் மறையாக்கத்தில் இருந்தன. ஆனால், எந்தெந்தத் தளங்களில் ஒருவருக்குக் கணக்கு இருக்கிறது என்பதைக் காட்டும் இணைய முகவரிகள் மறையாக்கம் இன்றியே இருந்தன. மேலும், நிறுவனம் சுற்றெண்ணிக்கையைப் பிறகு உயர்த்தியிருந்தாலும், பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 ஆகவும் அதைவிடக் குறைவாகவும் அப்படியே விடப்பட்டிருந்தது தெரியவந்தது.

பெட்டகம் திருடு போகும் என்பது கற்பனை அல்ல, நடந்த ஒன்று. திருடு போன பின் எஞ்சி நின்ற காவல், ஒவ்வொரு பயனரும் வைத்திருந்த முதன்மைக் கடவுச்சொல்லும், அதன் பின்னால் இருந்த கணக்கீட்டின் கடுமையும்தான். மின்னஞ்சல் கணக்கில் செய்வதைப் போல, முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றித் தப்பிக்க இங்கே வழியில்லை. திருடனிடம் உள்ள நகலை நீங்கள் எட்ட முடியாது. கேடிபிஎக்ஸ் கோப்பில் தலைப்பு, இணைய முகவரி, குறிப்பு என்று பதிவின் எல்லாப் பகுதிகளும் மறையாக்கத்துக்குள் இருக்கின்றன என்பதைச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ளலாம்.

நிறுவனத்தின் சேவையா, என் சொந்த மேகக் கணக்கா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பிட்வார்டன், 1பாஸ்வேர்டு போன்றவை தங்கள் சொந்தச் சேவையகங்கள் வழியாக ஒத்திசைக்கின்றன. ஒருகாலத்தில் டிராப்பாக்ஸ் வழியாகவும் ஒத்திசைக்க அனுமதித்த 1பாஸ்வேர்டு, எட்டாம் பதிப்பிலிருந்து அந்த வழியைக் கைவிட்டது. கீபாஸ்எக்ஸ்சி, கீபாஸ்2ஆண்ட்ராய்டு, ஸ்ட்ராங்பாக்ஸ், கீபாஸியம் ஆகிய கீபாஸ் வழிச் செயலிகளும் என்பாஸும், கோப்பை உங்கள் சொந்த டிராப்பாக்ஸ், கூகல் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்ற கணக்குகளில் வைத்துக்கொள்ள வழிசெய்கின்றன.

முதல் வகை எளிது. ஒத்திசைவு, முரண்பாடு, குடும்பப் பகிர்வு ஆகியவற்றை நிறுவனமே கவனித்துக்கொள்கிறது. இரண்டாம் வகையில் கோப்பு உங்களுடையது. ஒரு நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலும் கடையை மூடினாலும் உங்கள் கோப்பை வேறொரு செயலியில் திறந்துகொள்ளலாம். பெட்டகங்கள் பல மில்லியன் கணக்கில் ஓரிடத்தில் குவிந்திருக்கும் சேவையகம் திருடர்களை ஈர்ப்பதைப் போல, ஒரு தனிமனிதரின் டிரைவில் உள்ள ஒற்றைக் கோப்பு ஈர்ப்பதில்லை. ஆனால், காப்புநகலும் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு. கணினியில் கோப்புகளை ஒழுங்காகக் கையாளப் பழகியவர்களுக்கு நான் இரண்டாம் வகையைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்காக ஏற்பாடு செய்து தருபவர்கள், முதல் வகையைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கடவுச்சொல்லைப் பத்துத் தளங்களில் வைத்திருப்பதைவிட இரண்டுமே பல மடங்கு மேலானவை.

செயலி என் கூகல் டிரைவை அணுக அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

எவ்வளவு அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். இன்றைய செயலிகள் உங்கள் கூகல் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. 2012ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ஓஆத்2 முறையில், கூகலின் சொந்தப் பக்கத்திலேயே நீங்கள் உள்நுழைந்து ஒப்புதல் தருகிறீர்கள். செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கிறது. தான் உருவாக்கிய கோப்புகளை மட்டும் தொடும் அனுமதி, டிரைவ் முழுவதையும் படிக்கும் அனுமதி என்று அதில் வகைகள் உண்டு. டிராப்பாக்ஸிலும் ஒரே ஒரு செயலிக் கோப்புறைக்குள் அடங்கும் அனுமதி இருக்கிறது. குறுகிய அனுமதியே போதுமானது. பயன்படுத்துவதை நிறுத்திய செயலிகளின் அனுமதியை, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள இணைக்கப்பட்ட செயலிகள் பகுதியில் நீக்கிவிடுங்கள்.

கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் மாற்றம் செய்துவிட்டால் என்ன ஆகும்?

எம்ஆர்டி சுரங்கப்பாதையில் இணைப்பில்லாத நேரத்தில் கைப்பேசியில் ஒரு புதிய கணக்கைச் சேர்க்கிறீர்கள். வீட்டில் மனைவி அதே பெட்டகத்தில் மின்கட்டணத் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுகிறார். மேகச் சேமிப்பகத்துக்கு உள்ளே இருப்பது தெரியாது என்பதால், அதனால் இந்த இரண்டு மாற்றங்களையும் இணைக்க முடியாது. டிராப்பாக்ஸ் முரண்பட்ட நகல் என்ற பெயரோடு இரண்டாவது கோப்பை உருவாக்கும். கூகல் டிரைவ் ஒரே கோப்புறையில் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளை அனுமதிப்பதால், எது புதியது என்ற குழப்பம் அங்கே இன்னும் எளிதில் வரும்.

இணைக்க வேண்டியது கடவுச்சொல் நிர்வாகிதான். கீபாஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் கடைசியாக மாற்றிய நேரமும் உண்டு. இரண்டு கோப்புகளையும் திறந்து ஒன்றிணைக்கும்போது, செயலி பதிவு பதிவாக ஒப்பிட்டுப் பிந்தைய மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. முந்தையதை அந்தப் பதிவின் வரலாற்றில் வைக்கிறது. நீக்கப்பட்ட பதிவுகளுக்கும் தனிக் குறிப்பு இருப்பதால் அவை மீண்டும் முளைத்து வருவதில்லை. சாதனங்களின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய நிபந்தனை. முரண்பட்ட நகல் ஒன்றைப் பார்த்தால் உடனே அழித்துவிடாமல், முதலில் ஒன்றிணைத்து, பதிவுகளைச் சரிபார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பழைய நகல்கள்?

அவை பழைய கடவுச்சொல்லாலேயே திறக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை. டிராப்பாக்ஸின் அடிப்படைக் கணக்கு ஒரு கோப்பின் முந்தைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கிறது. கூகல் டிரைவ் பொதுவாக 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரை வைத்திருக்கிறது. கோப்பு பழுதானாலோ தவறுதலாக ஒரு பதிவு அழிந்தாலோ இந்த வசதி பெரிய உதவி. ஆனால், பழைய முதன்மைக் கடவுச்சொல் யாருக்கோ தெரிந்துவிட்டது என்பதற்காக மாற்றியிருந்தால், பெட்டகத்தின் கதவை மாற்றுவது மட்டும் போதாது. பழைய பதிப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து நீக்கி, மின்னஞ்சலும் வங்கியும் முதலாக, உள்ளே உள்ள கடவுச்சொற்களையே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

மேகக் கணக்கின் கடவுச்சொல்லே பெட்டகத்துக்குள் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால்?

வெளியே பூட்டிக்கொண்டு நிற்பீர்கள். திருடர்களைவிட இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வதுதான் சாதாரணக் குடும்பங்களுக்கு நேரக்கூடிய இடர் என்று நான் கருதுகிறேன். பெட்டகம் டிரைவில், டிரைவின் கடவுச்சொல் பெட்டகத்தில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு தொலைந்த கைப்பேசியில். விடுமுறைக்குத் திருச்சியோ மதுரையோ சென்று, சிங்கப்பூர் எண்ணை அணைத்துவிட்டு உள்ளூர் சிம் அட்டையைப் போட்டுக்கொள்பவர்களுக்கு, குறுஞ்செய்தியில் வரும் குறியீடும் கிடைக்காது.

ஆகவே இரண்டு கடவுச்சொற்கள் நினைவில் இருக்க வேண்டும்: பெட்டகத்தினுடையது ஒன்று, மேகக் கணக்கினுடையது மற்றொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. மேகக் கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கும்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, கடப்பிதழும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வைக்கலாமா என்று சிலர் கூச்சத்தோடு கேட்பதுண்டு. வீட்டுக்குள் பூட்டிய இடத்தில் வைப்பதில் தவறே இல்லை. இணையத் திருடனால் உங்கள் வீவக வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. பணப்பையில் மட்டும் வைக்க வேண்டாம்.

கைரேகையால் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைரேகை அந்தச் சாதனத்தில் மட்டும் செல்லும். புதிய கைப்பேசிக்கு அது வராது. மாதக்கணக்கில் தட்டாமலே இருந்தால் முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோகும் என்பதால், வாரம் ஒருமுறையாவது கையால் இட்டுத் திறக்க வேண்டும். மறந்துவிட்டால் மீட்டுத்தர எந்த நிறுவனத்தாலும் இயலாது. இந்த அமைப்பு பாதுகாப்பாக இருப்பதும் அதனால்தான்.

சாவிக் கோப்பு என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

முதன்மைக் கடவுச்சொல்லோடு சேர்த்து, தற்செயலாக உருவாக்கப்பட்ட ஒரு சிறு கோப்பும் இருந்தால்தான் பெட்டகம் திறக்கும் என்று அமைக்கலாம். அந்தக் கோப்பைப் பெட்டகம் இருக்கும் அதே மேகக் கணக்கில் வைத்தால் பயனே இல்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் கம்பிவழி மாற்றி, யுஎஸ்பி கருவியில் ஒரு நகலை வீட்டில் வைக்க வேண்டும். 1பாஸ்வேர்டின் 128 பிட் இரகசியச் சாவியும் இதே நோக்கத்துக்காகவே இருக்கிறது. சாவிக் கோப்பு தொலைந்தால் பெட்டகமும் தொலைந்தது என்பதால், காப்புநகல் வைக்கும் பழக்கம் உறுதிப்பட்ட பிறகு இதைத் தொடங்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு எனக்கு வேறு ஆபத்தே இல்லையா?

உண்டு. சாதனமே திருடனின் கட்டுப்பாட்டில் இருந்தால் எந்த மறையாக்கமும் காக்காது, ஏனெனில் பெட்டகம் அங்கேதான் திறக்கிறது. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பலர், சமூக ஊடக விளம்பரங்களை நம்பி, அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவி, வங்கிப் பணத்தை இழந்தார்கள். அத்தகைய செயலிகள், உடற்குறையுள்ளோருக்கான அணுகல் வசதியைப் பயன்படுத்தித் திரையைப் படிக்கவும் விசைத் தட்டல்களைப் பதியவும் கூடியவை. முதன்மைக் கடவுச்சொல்லும் அதில் போய்விடும். இதன் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் வெளிச்செயலிகளை நிறுவவிடாமல் தடுக்கும் முன்னோடித் திட்டத்தை இங்கேதான் முதலில் தொடங்கியது. யார் சொன்னாலும் அந்தத் தடுப்பை அணைக்காதீர்கள்.

கடவுச்சொல் நிர்வாகியையும், உலாவியில் கடவுச்சொல்லை நிரப்பும் அதன் துணைநிரலான உலாவிச் செருகுநிரலையும் உடனுக்குடன் புதுப்பிப்பதும் இதில் அடங்கும். 2023ஆம் ஆண்டில், கீபாஸின் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில், கணினியின் நினைவகத்திலிருந்து முதன்மைக் கடவுச்சொல்லின் பெரும்பகுதியை மீட்டெடுக்கக்கூடிய குறை கண்டறியப்பட்டு, 2.54 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

போலி இணையத்தளங்களிலிருந்து இது காக்குமா?

உலாவிச் செருகுநிரலைப் பயன்படுத்தினால் பெரிய அளவில் காக்கும். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அந்தச் செய்திகளில் இருந்த இணைப்பு, அசலைப் போலவே தோன்றும் தளத்துக்கு இட்டுச் சென்றது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. செருகுநிரல் தளத்தின் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், போலித் தளத்தில் கடவுச்சொல்லை நிரப்ப முன்வராது. அது நிரப்பாதபோது, பெட்டகத்தைத் திறந்து கையால் நகலெடுத்து ஒட்டத் தோன்றும். அந்த நொடியில் நிறுத்தி, முகவரியைப் படியுங்கள். ஐயம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.

எனக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்தார் பெட்டகத்தைத் திறப்பது எப்படி?

இப்போதே ஏற்பாடு செய்யாவிட்டால் அவர்களால் திறக்க முடியாது. முத்திரையிட்ட உறையில் முதன்மைக் கடவுச்சொல், மேகக் கணக்கின் கடவுச்சொல், ஒரு மீட்புக் குறியீடு, எந்தச் செயலியில் எப்படித் திறப்பது என்று அம்மாவுக்கோ துணைவருக்கோ புரியும் தமிழில் நான்கு வரி ஆகியவற்றை எழுதி, உயிலோடு சேர்த்து வையுங்கள். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் உள்ள அவசர அணுகல் வசதி, நீங்கள் குறித்த காத்திருப்புக் காலம் கழிந்த பிறகு நம்பிக்கைக்குரிய ஒருவரை உள்ளே விடும். ஆப்பிளின் மரபுத் தொடர்பாளர் வசதியை நம்பி இருப்பவர்கள், ஐகிளவுட் சாவிக்கொத்தில் உள்ள கடவுச்சொற்கள் அந்தத் தொடர்பாளருக்குக் கிடைக்காது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கூகல் கணக்கு இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அதையும் அதிலுள்ள கோப்புகளையும் நீக்கும் உரிமையை அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு முதல் வைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டகத்துக்காக மட்டும் தனிக் கூகல் கணக்கு திறந்து, பிறகு அதை மறந்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டிய விதி இது. அதே கணக்கின் செயலற்ற கணக்கு நிர்வாகிப் பகுதியில், மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை ஒரு காலத்தைக் குறித்து, அதன் பின் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று பதிந்துவைக்கலாம்.

நூலகக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ பெட்டகத்தைத் திறக்கலாமா?

பொதுக் கணினியில் திறக்கவே கூடாது. தேவைப்படும் ஒரு கடவுச்சொல்லைக் கைப்பேசியில் பார்த்துத் தட்டி, வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றிவிடுங்கள். அலுவலகக் கணினி நிறுவனத்தின் கண்காணிப்பில் இருக்கக்கூடும் என்பதால், வேலைக்கான கணக்குகளுக்குத் தனிப் பெட்டகம் ஒன்றை வேறு முதன்மைக் கடவுச்சொல்லோடு வைத்துக்கொண்டு, குடும்பப் பெட்டகத்தை அங்கே நிறுவாமல் இருப்பது நல்லது.